எண்ணெய்க் கறை எங்கே போகிறது?

வீட்டில் ஏதோ விசேஷம். கூடத்தில் பவானி ஜமக்காளத்தை விரித்து உறவினர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். குத்துவிளக்குக்கு ஊற்ற எடுத்துவந்த நல்லெண்ணெய்க் கிண்ணம் கை தவறி ஜமக்காளத்தின் மேல் கவிழ்ந்துவிடுகிறது. உடனே என்ன நடக்கும்? ஒருவர் ஈரத்துணியைக் கொண்டுவந்து அழுத்தித் தேய்ப்பார். இன்னொருவர், "கோலமாவைக் கொட்டி வையுங்கள்" என்பார். மூன்றாமவர், "கொஞ்சம் பெட்ரோல் கொண்டுவா, ஒரே நிமிடத்தில் போய்விடும்" என்பார். இந்த மூவரில் ஒருவர் சொன்னது சரி. ஒருவர் செய்தது கறையைப் பெரிதாக்கும். இன்னொருவர் சொன்னதைக் கேட்டால் வீடே தீப்பற்றக்கூடும். யார் சொன்னது சரி, அது ஏன் சரி என்பதைப் பார்ப்போமா?

முதலில் ஒரு சின்ன சோதனை. வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் மறுபக்கத்தில் ஒரு சொட்டு எண்ணெயும் வையுங்கள். இரண்டு இடங்களும் சற்று மங்கலாகத் தெரியும். தாளைச் சன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். இரண்டு இடங்களிலும் வெளிச்சம் ஊடுருவி வருகிறதல்லவா? அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். தண்ணீர்ப் பொட்டு மறைந்திருக்கும். எண்ணெய்ப் பொட்டு அப்படியே இருக்கும். இருந்ததைவிடக் கொஞ்சம் பரந்தும் இருக்கும். அடுத்த வாரம் பார்த்தாலும் அது அங்கேதான்.

நல்லெண்ணெய்க்கு அப்படியொன்றும் அழுத்தமான நிறம் கிடையாது. பிறகு ஏன் அது விழுந்த இடம் கறையாகத் தெரிகிறது? தாளும் பருத்தி நூலும் செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனவை. தனி இழையாக எடுத்துப் பார்த்தால் அது கண்ணாடியைப் போல ஒளியை உள்ளே விடக்கூடியதுதான். ஆனால் இழைகளுக்கு இடையில் காற்று இருக்கிறது. இழையிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து இழைக்கும் மாறி மாறிச் செல்லும் ஒளி ஒவ்வொரு எல்லையிலும் வளைந்தும் தெறித்தும் சிதறுகிறது. அந்தச் சிதறல்தான் நமக்கு வெண்மையாகத் தெரிகிறது. உப்புக் கல்லைப் பொடித்தால் வெள்ளையாகத் தெரிவதும் இதனால்தான்.

எல்லையில் ஒளி எவ்வளவு சிதறும் என்பது இரு பொருள்களின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. காற்றுக்கு அது 1, தண்ணீருக்கு 1.33, சமையல் எண்ணெய்க்கு ஏறத்தாழ 1.47, பருத்திக்கு 1.5-க்குச் சற்று மேல். காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்துவிட்டால் இழைக்கும் அதன் அண்டை அயலுக்கும் அதிக வேறுபாடு இல்லாமல் போகிறது. ஒளி சிதறாமல் உள்ளே சென்றுவிடுகிறது; நம் கண்ணுக்குத் திரும்பி வருவது குறைகிறது. எனவே அந்த இடம் கருத்துத் தெரிகிறது. அதாவது புதிய எண்ணெய்க் கறை என்பது சாயம் ஏறியதன் அடையாளம் அல்ல. காற்று குடியிருந்த இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டதன் அடையாளம். எண்ணெயை வெளியேற்றிக் காற்றை மறுபடியும் உள்ளே விட்டால் கறை போய்விட்டது என்று பொருள்.

தண்ணீர் தானாக ஆவியாகிப் போய்விடுகிறது. எண்ணெயின் மூலக்கூறுகள் பெரியவை, கனமானவை. அறையின் வெப்பத்தில் அவை ஆவியாவதில்லை. அவற்றை நாம்தான் வேறிடத்துக்கு அனுப்ப வேண்டும். இங்கே ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த முறையைக் கையாண்டாலும் எண்ணெய் அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. நூலைவிட எண்ணெய்க்கு உகந்த இடம் ஒன்றை அருகில் கொண்டுபோய் வைத்தால் அது அங்கே போய்விடும். மாவு, சோப்பு, பெட்ரோல் எல்லாமே அப்படிப்பட்ட இடங்கள்தாம்.

தேய்த்தால் என்ன ஆகும்?

பவானி ஜமக்காளம் தடித்த பருத்தி நூலால் கைத்தறியில் நெய்யப்படுவது. ஈரோடு மாவட்டத்துப் பவானியில் அகலமான வண்ணப் பட்டைகளோடு நெய்யப்படும் இந்த விரிப்புக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் ஒரு நூலைப் பிரித்து உருப்பெருக்கியில் பாருங்கள். நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகள் முறுக்கிக் கிடக்கும். ஒவ்வொரு பருத்தி இழையும் நம் தலைமுடியின் தடிமனில் கால்பங்குதான் இருக்கும். தட்டையாகி முறுக்கிய ரிப்பன் போன்ற வடிவம் உடையது. போதாக்குறைக்கு அதன் நடுவில் ஒரு குழலும் உண்டு. இழைகளுக்கு இடையே உள்ள சந்துகள் எல்லாம் நுண்புழைகளாக வேலை செய்கின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் மேலே ஏறுவது எப்படியோ, அப்படியே ஜமக்காளத்திலும் எண்ணெய் நாலா பக்கமும் ஊர்ந்து பரவுகிறது. நூலுக்கு அது திரியா, விரிப்பா என்ற வேறுபாடெல்லாம் தெரியாது.

அழுத்தித் தேய்ப்பவர் என்ன செய்கிறார்? மேலே தேங்கி நிற்கும் எண்ணெயை இந்தச் சந்துகளுக்குள் தானே தள்ளிவிடுகிறார். உள்ளே போன எண்ணெய் இழைக்குள் இருக்கும் குழல் வரைகூடச் சென்றுவிடும். ஆகவே முதல் வேலை, தேய்ப்பது அல்ல. தேங்கிய எண்ணெயை ஒரு கரண்டியால் வழித்து எடுக்க வேண்டும். பிறகு பழைய பருத்தித் துணியையோ செய்தித்தாளையோ மேலே வைத்து ஒற்ற வேண்டும். செய்தித்தாளின் மை ஒட்டும் என்பதால் துணியே நல்லது. ஒற்றும்போது கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வர வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனால் வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும்.

அடுத்ததாக மாவு. கோலமாவைக் கொட்டச் சொன்னவர் சொன்னதுதான் சரி! அரிசி மாவு, மைதா, முகத்துக்குப் போடும் பவுடர், சுண்ணக்கட்டித் தூள் எதுவானாலும் பரவாயில்லை. நைசாக இருக்க வேண்டும், மஞ்சள் கலந்ததாக இருக்கக் கூடாது. பொடியின் துகள்களுக்கு இடையே உள்ள சந்துகள் நூலின் சந்துகளைவிடச் சிறியவை. நுண்புழை எவ்வளவு குறுகலோ அவ்வளவு வலுவாகத் திரவத்தை இழுக்கும் என்பதை நீங்கள் இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். எனவே நூலில் இருக்கும் எண்ணெயைப் பொடி தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆட்டு மயிரிலுள்ள பிசுக்கை எடுப்பதற்குக் கம்பளித் துணி செய்வோர் பல நூற்றாண்டுகளாக ஒருவகைக் களிமண்ணைப் பயன்படுத்தி வந்தார்கள். முகத்தில் பூசுவதற்குக் கடைகளில் விற்கும் முல்தானி மட்டி அந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

இதில் பொறுமை வேண்டும். எண்ணெயின் பாகுநிலை தண்ணீரைவிடப் பல மடங்கு அதிகம். நெளிந்து நெளிந்துதான் மேலே வரும். மாவைக் கொட்டிப் பத்தாவது நிமிடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, "போகவில்லையே" என்று சொல்வதில் பயன் இல்லை. இரவு முழுவதும் விட்டுவைத்து, காலையில் துலக்கி, மறுபடியும் புதுப்பொடி போடலாம். வெயிலில் வைத்தால் இன்னும் விரைவில் வரும்; சூடு ஏறினால் எண்ணெயின் பாகுநிலை குறைகிறது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் ஊட்டியில் சிந்திய தேங்காய் எண்ணெய்க்கு மாவு போட்டால் ஒன்றும் நடக்காது. முதலில் சுரண்டி எடுத்து, பிறகு இளஞ்சூடு காட்ட வேண்டும்.

தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் என்ன பகை?

மாவு எடுத்தது போக மெல்லிய படலமாக எண்ணெய் நூலிலேயே ஒட்டியிருக்கும். அதற்குத் தண்ணீர் மட்டும் போதாது. தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாகப் பற்றிக்கொண்டிருப்பவை. எண்ணெய் மூலக்கூறுக்கு இடம் கொடுக்க வேண்டுமானால் அந்தப் பிடியை அவை விட வேண்டும். அவை விடுவதில்லை. இந்தப் பிடியின் வலிமையைப் பரப்பு இழுவிசை காட்டுகிறது. அறை வெப்பத்தில் தண்ணீருக்கு அது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். எண்ணெய்க்கு அதில் பாதிகூட இல்லை.

எண்ணெய் எதனால் ஆனது என்பதை முதலில் தெளிவாகக் கண்டறிந்தவர் மிஷெல் யூஜீன் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலறிஞர். 1811 முதல் கொழுப்புகளை ஆராய்ந்து, 1823-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். கிளிசராலுடன் கொழுப்பு அமிலங்கள் சேர்ந்து உண்டானதே கொழுப்பு. காரத்தைச் சேர்த்துக் காய்ச்சினால் அது பிரிந்து, கொழுப்பு அமிலத்தின் உப்பு உண்டாகிறது. அந்த உப்புதான் சோப்பு என்று விளக்கினார். கறைக்குக் காரணமான எண்ணெயும் கறையை நீக்கும் சோப்பும் ஒரே குடும்பம் என்பது வேடிக்கையாக இல்லையா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இதே செவ்ரல்தான் 1824-இல் பாரிசின் புகழ்பெற்ற கோபெலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவரானார். அங்கே கருப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தபோது, சாயத்தில் குற்றம் இல்லை, பக்கத்தில் உள்ள நிறங்களால்தான் கருப்பு மங்கலாகத் தோன்றுகிறது என்று தெரிந்தது. ஜமக்காளத்தில் ஒரே அளவு எண்ணெய் சிந்தினாலும் மஞ்சள் பட்டையில் கறை பளிச்சென்றும் கருநீலப் பட்டையில் அவ்வளவு தெரியாமலும் இருப்பதைக் கவனியுங்கள். தெரியவில்லை என்பதால் அங்கே எண்ணெய் இல்லை என்று விட்டுவிடக் கூடாது. கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். செவ்ரல் 102 வயது வாழ்ந்து 1889-இல் காலமானார். ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்டுள்ள 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

இனி சோப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சோப்பு மூலக்கூறு ஒரு தலைப்பிரட்டையைப் போன்றது எனலாம். அதன் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். நீண்ட வாலுக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய் பிடிக்கும். சோப்புநீரில் இந்த மூலக்கூறுகள் வாலை எண்ணெய்க்குள்ளும் தலையைத் தண்ணீரிலுமாக வைத்துக்கொண்டு எல்லையில் வரிசையாக நிற்கின்றன. தண்ணீரின் பரப்பு இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அது நூலின் சந்துகளுக்குள் எளிதாக நுழைகிறது. பருத்திக்கு இயல்பாகவே தண்ணீர் மேல் நாட்டம் உண்டு. எனவே நூலுக்கும் எண்ணெய்க்கும் இடையில் தண்ணீர் புகுந்து, படலமாக இருந்த எண்ணெயை ஓரத்திலிருந்து சுருட்டுகிறது. பாய் சுருட்டுவது போல! படலம் உருண்டு துளியாகிறது; துளி நூலை விட்டுக் கழன்று வருகிறது. கழன்ற துளியைச் சுற்றிச் சோப்பு மூலக்கூறுகள் வேலி கட்டி நிற்பதால் அது மறுபடியும் நூலில் ஒட்டுவதில்லை. துணியை லேசாகத் தட்டுவதும் அலசுவதும் இந்தக் கழற்றும் வேலைக்கு உதவுகின்றன.

இந்த எல்லைப்பரப்பின் அறிவியலுக்கு ஒரு சமையலறையும் அடித்தளம் இட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த ஆக்னஸ் பொக்கல்ஸ் 1862-இல் பிறந்தவர். அக்காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். பாத்திரம் கழுவும் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு படர்வதைக் கவனித்தவர், அந்தப் படலத்தை அளப்பதற்கு ஒரு தகரத் தொட்டியும் அதன் குறுக்கே நகரும் ஒரு பட்டையும் கொண்ட கருவியைத் தாமே செய்தார். பத்தாண்டுகள் அளந்தார். 1891-இல் இங்கிலாந்தின் ராலே பிரபுவுக்குத் தம் முடிவுகளைக் கடிதமாக எழுதினார். ராலே அதை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி வெளியிடச் செய்தார். பரப்பு வேதியியலுக்காக இர்விங் லாங்மியூர் 1932-இல் நோபல் பரிசு பெற்றபோது, அவர் கையாண்ட தொட்டி பொக்கல்சின் தொட்டியிலிருந்து வளர்ந்ததுதான்.

தண்ணீரில் சோப்பின் அளவு ஒரு வரம்பைத் தாண்டினால், மூலக்கூறுகள் வாலை உள்ளே மடக்கித் தலையை வெளியே நீட்டிச் சிறு உருண்டைகளாகக் கூடிக்கொள்கின்றன. இவற்றுக்கு மிசெல் என்று பெயர். ஐம்பது முதல் நூறு மூலக்கூறுகள் சேர்ந்தால் ஒரு மிசெல். அதன் வயிற்றுக்குள் கொஞ்சம் எண்ணெய் தங்க இடம் உண்டு. சோப்புநீரில் இப்படித் திரள்கள் உண்டாகின்றன என்று 1913-இல் கூறியவர் ஜேம்ஸ் வில்லியம் மக்பெயின். அப்போது அதைப் பலர் ஏற்கவில்லை. பிற்காலத்தில் அவர் நம் நாட்டுக்கு வந்து, 1950-இல் திறக்கப்பட்ட புனே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகவும் இருந்தார்.

நம்மூர்ச் சலவைத் தொழிலாளர்கள் வெள்ளாவி வைத்தார்களே, அதுவும் இதே வேதியியல்தான். உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் என்ற காரம் இருக்கிறது. அழுக்குத் துணியை அதில் ஊறவைத்துப் பானையின் மேல் அடுக்கி இரவெல்லாம் ஆவியில் வேகவைத்தால், துணியில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கின் ஒரு பகுதி காரத்தோடு சேர்ந்து சோப்பாகவே மாறிவிடும். அழுக்கைக்கொண்டே அழுக்கை எடுக்கும் இந்த வித்தை எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். எண்ணெய் முழுக்குக்குப் பயன்படும் சீயக்காய், அரப்பு, பட்டுத்துணிக்குப் பயன்படும் பூந்திக்கொட்டை ஆகியவற்றில் சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் இருக்கிறது. அதற்கும் தண்ணீரை நாடும் பகுதி ஒன்று, எண்ணெயை நாடும் பகுதி ஒன்று உண்டு.

ஆனால் ஜமக்காளத்தை வெள்ளாவி வைக்க முடியாது, சாயம் போய்விடும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு தேக்கரண்டி எடுத்து, அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கலந்துகொள்ளுங்கள். சோப்புக்கட்டியைவிட இது நல்லது. உப்புக் கிணற்று நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திரிதிரியாகப் பிரிந்து நூலிலேயே படிந்துவிடும். டிடர்ஜெண்ட் திரவம் அவ்வளவாக அப்படிப் பிரிவதில்லை. முதலில் ஜமக்காளத்தின் ஒரு மூலையில் இந்த நீரைத் தொட்டு வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏறவில்லையானால் கறையின் ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்ல நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் நன்றாக அலச வேண்டும். அலசாமல் விட்ட சோப்பு காய்ந்து பிசுபிசுப்பாக இருந்து தெருத் தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மாதத்தில் அதே இடத்தில் கருப்பு வட்டம் தெரியும். எண்ணெய் திரும்பிவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்வோம்.

சில வேளைகளில் உண்மையாகவே திரும்பியும் வருவது உண்டு. தடித்த விரிப்பு காயும்போது தண்ணீர் மேற்பரப்பிலிருந்துதான் ஆவியாகிறது. அடியில் உள்ள ஈரம் நுண்புழைகள் வழியாக மேலே ஏறும்போது அடியில் எஞ்சிய எண்ணெயையும் சோப்பையும் உடன் இழுத்து வந்து நுனியில் விட்டுவிடுகிறது. நேற்று மாலை மறைந்த கறை இன்று காலை மறுபடியும் தென்படுவது இதனால்தான். ஈரமாக இருக்கும்போதே மடித்த பருத்தித் துணியை மேலே வைத்து ஒரு கனமான பொருளைத் தூக்கி வையுங்கள். ஏறி வருவது துணியில் போய்ச் சேரும்.

சிந்தியது வெறும் எண்ணெயாக இல்லாமல் குழம்பாக இருந்தால் இன்னொரு சங்கதி. மஞ்சளில் உள்ள குர்குமின் எண்ணெயில் கரையும்; தண்ணீரில் கரையாது. எண்ணெயின் முதுகில் ஏறி அது நூலுக்குள் போய்விடுகிறது. சோப்புக்கட்டி பட்டதும் அந்த இடம் சிவப்பாக மாறுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். காரத்தில் குர்குமின் சிவக்கும்; எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சளாகும். முதலில் எண்ணெயை எடுத்துவிட்டு, மிஞ்சிய மஞ்சளுக்கு வெயிலைக் காட்டுங்கள். சூரிய ஒளி குர்குமினைச் சிதைத்துவிடும்.

பழைய கறை ஏன் பிடிவாதம் பிடிக்கிறது?

பரணில் சுருட்டி வைத்த ஜமக்காளத்தை ஓராண்டு கழித்து விரித்தால், எண்ணெய் சிந்திய இடம் மஞ்சள்பழுப்பாகிக் கெட்டியாகவும் இருக்கும். இப்போது மாவும் பயன்படாது, சோப்பும் அதிகம் பயன்படாது. ஏனெனில் இது பழைய எண்ணெயே அல்ல. கொழுப்பு அமிலச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இருந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றைத் தாக்குகிறது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் பெரிய வலையாக இறுகுகின்றன. ஆளி விதை எண்ணெயில் இந்தப் பிணைப்புகள் நிறைய உண்டு. அதனால்தான் அதை ஓவியர்கள் வண்ணத்தில் கலக்கிறார்கள். பூசினால் சில நாளில் காய்ந்து தோலாகிவிடும். சூரியகாந்தி எண்ணெயும் நல்லெண்ணெயும் மெதுவாக அப்படி ஆகும். தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு மிகக் குறைவு. அது காய்வதே இல்லை. எனவே எண்ணெய் எண்ணெயாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். நாட்கள் செல்லச் செல்ல நாம் எதிர்கொள்வது ஒரு பிளாஸ்டிக் போன்ற பொருளை.

பெட்ரோல் சொன்னவரை மறந்துவிடவில்லை. எண்ணெய் எண்ணெயோடு சேரும் என்ற அடிப்படையில் அவர் சொன்னது தவறு அல்ல. பெட்ரோலில் எண்ணெய் நன்றாகவே கரையும். 19-ஆம் நூற்றாண்டில் பாரிசில் சாயத் தொழில் செய்துவந்த ஜோலி என்பவர் வீட்டில் மேசைத் துணியின் மேல் விளக்கெண்ணெய் கவிழ்ந்ததாம். அதாவது விளக்கில் எரிய வைத்திருந்த எண்ணெய். அது பட்ட இடம் பளிச்சென்று சுத்தமானதைக் கண்டு அவர் உலர்சலவையைத் தொடங்கினார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியானாலும், தொடக்க கால உலர்சலவைக் கடைகள் பெட்ரோல் போன்ற நீர்மங்களைத்தான் பயன்படுத்தின. தீ விபத்துகள் அந்தத் தொழிலின் கூடப்பிறந்தவையாக இருந்தன. பின்னர் தீப்பற்றாத பெர்குளோரோஎத்திலீன் வந்தது. அதுவும் உடலுக்குக் கேடு என்று தெரிந்த பிறகு, உலர்சலவையில் அதைப் பத்து ஆண்டுகளில் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்று அமெரிக்கா 2024 டிசம்பரில் விதி செய்தது.

வீட்டில் பெட்ரோலைத் தொடவே கூடாது. மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றப் போதுமான ஆவியை அது வெளிவிடும்; நம் வீட்டின் வெப்பத்தில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலையாமல் தரையோடு தவழ்ந்து செல்லும். கூடத்தில் ஜமக்காளத்தில் ஊற்றிய பெட்ரோலின் ஆவி சமையலறை அடுப்பையோ பூசை விளக்கையோ தேடிக்கொண்டு போய்ச் சேரும். அடுப்பு அணைந்திருந்தாலும் மின்விசிறிச் சுவிட்சின் சிறு பொறி போதும். தரையோடு கிடக்கும் நெருப்பில் முதலில் அகப்படுவது அதன் பக்கத்தில் குந்தித் துடைத்துக்கொண்டிருப்பவர். பெரியவர்கள் யாராவது பெட்ரோலை எடுத்தால், நீங்கள் இதைச் சொல்லித் தடுக்கத் தயங்காதீர்கள்.

தீயைப் பற்றிப் பேசும்போது, துடைத்த துணியையும் பார்க்க வேண்டும். எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது என்றேன் அல்லவா? விரித்துப் போட்ட துணியில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். சுருட்டிக் கூடையில் திணித்தால் நடுவில் தேங்கும். தேங்கிய வெப்பம் வினையை விரைவுபடுத்தும். விரைவான வினை இன்னும் வெப்பம் தரும். இப்படியே ஏறி, தீக்குச்சி இல்லாமலேயே துணி பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 38 மாடிக் கட்டிடம் ஒன்றின் 22-ஆம் மாடியில், மரவேலைக்குப் பயன்பட்ட ஆளி விதை எண்ணெய் தோய்ந்த கந்தைகள் இவ்வாறு பற்றிக்கொண்டன. அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தார்கள். கிண்ணம் நல்லெண்ணெய் துடைத்த துணியில் இந்த ஆபத்து மிகமிகக் குறைவுதான். என்றாலும் சமையல் எண்ணெய் தோய்ந்த துண்டுகளைத் துவைத்து, எந்திரத்தில் சூடாக உலர்த்தி, அப்படியே அடுக்கி வைத்த இடங்களில் தீப்பற்றியது உண்டு. துவைத்தாலும் எண்ணெய் முழுவதும் போவதில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஆகவே துடைத்த துணியைச் சோப்புநீரில் ஊறப் போடுங்கள். அல்லது கொல்லைப்புறத்தில் தரையில் விரித்துக் காயப் போடுங்கள்.

உங்கள் வீட்டில் இருப்பது பருத்தி ஜமக்காளம் அல்ல, கடையில் வாங்கிய கார்ப்பெட் என்றால், அது எந்த இழை என்று முதலில் பாருங்கள். கம்பளிக்குச் சோப்புக்கட்டியின் காரமும் ஆகாது, வெந்நீரும் ஆகாது, சுருங்கி இறுகிவிடும். பூந்திக்கொட்டை நீரோ காரமில்லாத திரவமோ ஆறிய தண்ணீரில் கலந்தால் போதும். பாலிப்புரோப்பிலீன் இழையாக இருந்தால் அதற்கு எண்ணெயின் மேல்தான் நாட்டம். தண்ணீரைக் கிட்டவே சேர்க்காது. பருத்தியில் தண்ணீர் எண்ணெய்ப் படலத்தைச் சுருட்டியது போல இங்கே எளிதில் நடக்காது. எனவே மாவு போட்டு எடுக்கும் வேலையை இரண்டு மூன்று முறை செய்துவிட்டு, அதன் பிறகே சோப்புநீருக்குப் போக வேண்டும். இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டும் எண்ணமே வேண்டாம். அந்த இழை 160 டிகிரி செல்சியஸ் அளவில் உருகி ஓடிவிடும். கறை போன இடத்தில் ஓட்டை இருக்கும்.